குனிந்து வந்தவர்கள்

என் மேசை இழுப்பறையில் ஆள் எண்ணும் கருவி ஒன்று கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும். புனேயில் நான் வேலை பார்க்கும் ஆலோசனை நிறுவனத்தில் மேலதிகாரியாக இருந்த சார், வேலையை விட்டுக் கோயம்புத்தூர் திரும்பிய அன்று இதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நகரின் ஓரத்தில், நிக்டிப் பக்கம் சரக்கு ரயில் பாதையை ஒட்டி விரைவுப் பேருந்துக்குத் தனித்தடம் போட்டு, நிலையங்களைச் சுற்றி வீடும் கடையும் வளரச் செய்வதுதான் திட்டம். கூட்டத்துக்குக் கூட்டம் வளர்ச்சி, வளர்ச்சி என்று காது புளித்துப்போகும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசைப் பகுதி. அங்கிருந்த பெண்கள் இந்தப் பக்கம் வந்து பேருந்து பிடித்து வீட்டு வேலைக்குப் போகவேண்டும். நடுவில் சரக்கு ரயில் வந்து நின்றால் நின்றதுதான், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. ரயில்வே கேட்டோ வெகுதூரத்தில். பையை முதலில் தள்ளிவிட்டு வேகனுக்கு அடியில் குனிந்து வருவார்கள். அந்த நேரம் ரயில் ஒரு குலுங்கு குலுங்கினால் என்ன ஆகும்? அங்கே ஒரு நடைமேம்பாலம் வேண்டும் என்பதுதான் சாரின் ஒரே பிடிவாதம்.

கணக்கெடுப்பு நாளில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கையில் இந்தக் கருவியோடு அவரே உட்கார்ந்தார். படிவத்தில் கேட் வழியாகக் கடப்பவர்களுக்கு மட்டுமே கட்டம் இருந்தது. சார் எரிச்சலோடு பென்சிலால் பக்கத்தில் ஒரு கட்டம் கிழித்து, தமிழிலேயே 'குனிந்து வந்தவர்கள்' என்று எழுதினார். வேகனுக்கு அடியிலிருந்து வெளியே வந்த ஒரு மாவ்ஷி, அதாவது அந்த ஊர்ப் பெரியம்மா, சேலையில் ஒட்டிய கரியைத் தட்டிக்கொண்டே, பாலம் எப்போது வரும் என்று கேட்டார். "பூல் கதீ ஹோணார், சாஹேப்?"

"ஹோயீல் மாவ்ஷி, ஹோயீல்" என்றார் சார், கொங்கு வாடை வீசும் மராத்தியில். வந்துவிடுமாம்.

படிவத்தைக் கணினியில் ஏற்றியது நான். பென்சில் கட்டத்தை விட்டுவிட்டேன். தண்டவாளத்தைத் தாண்டுவதே குற்றம், அதை அறிக்கையில் எப்படிப் போடுவது என்று நானே முடிவுசெய்துகொண்டேன். சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த இடத்தில் கடப்பவர் யாரும் இல்லை என்று அறிக்கை போனது. யாரும் கடக்காத இடத்தில் பாலம் எதற்கு என்று திட்டக் குழு அதை அடித்துவிட்டது. பிறகு சார் எடுத்துச் சொன்னபோது, திட்டத்தின் அடுத்த ஃபேஸில் பார்க்கலாம் என்றார்கள்.

"ஏனுங்க அம்மணி, குனிஞ்சு வந்தவங்க ஆளுங்க இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார் சார்.

"ஃபார்ம்ல அதுக்கு இடமே இல்லையே சார்" என்றேன். இந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இப்போது நிலையம் கண்ணாடிக் கதவுகளோடு பளபளக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள், 'பேருந்து நிலையம் இரண்டே நிமிடத்தில்' என்ற விளம்பரங்கள். யாருக்கு இரண்டு நிமிடம்? பொங்கலுக்குப் பொங்கல் சார் போன் செய்து, பாலம் வந்துருச்சுங்களா என்கிறார். "அடுத்த ஃபேஸ்ல சார்" என்கிறேன். குழு சொன்னதையே நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

போன வாரம் கருவியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சரக்கு ரயில் நின்றிருந்தது. பெண்கள் குனிந்து குனிந்து வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அழுத்து அழுத்தினேன். இரண்டு வேகன்களுக்கு நடுவே பார்த்தால், அந்தப் பக்கம் அதே மாவ்ஷி, மடியில் பையோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவரால் இனிமேல் குனிய முடியாது போலிருக்கிறது. இந்தப் பக்கம் பேருந்து வந்து, கதவு திறந்து, மூடி, போயே போய்விட்டது. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

சார் பென்சிலால் போட்ட கட்டத்தில்கூட, குனிய முடியாத அவருக்கு இடமில்லை. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தினேன்.