ஐம்பதாம் கட்டத்துப் பாம்பு

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் பள்ளியில் அமுதவல்லி டீச்சரை, அதாவது என்னை, தெரியாத பிள்ளை கிடையாது. புகழ் ஒன்றும் இல்லை, பயம்தான். இருபத்து மூன்று வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். யாரையும் அடித்ததில்லை, ஸ்கேலால் மேஜையில் தட்டுவதோடு சரி. அதற்கே ஐந்தாம் வகுப்புச் செவந்திக்குக் கணக்கு பீரியட் என்றால் வயிற்றுவலி வந்துவிடும்.

ஒருநாள் அவள் அம்மா ராக்காயி, முந்திரித் தோப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"இனிமே பள்ளிக்கூடத்துக்கே போவலைங்குதுங்க டீச்சர். நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விளையாட்டு மூலம் கற்பிக்கலாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு நான் கவனித்தது டீயையும் பிஸ்கட்டையும்தான். இருந்தாலும், மறுநாள் தரையில் சாக்பீஸால் நூறு கட்டம் போட்டு ஏணியும் பாம்பும் வரைந்தேன். என் பாம்பைப் பிள்ளைகள் மண்புழு என்றார்கள். இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த எண்களைப் பெருக்கி, அத்தனை கட்டம் நகர வேண்டும். காய்க்குப் பதில் முந்திரிக்கொட்டை. விளையாட்டு என்று சொல்லியனுப்பியதால் செவந்தியும் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

நானும் ஆடினேன். அங்கேதான் வினை. எனக்குத் தோற்கப் பிடிக்காது. வீட்டில் கேரம் ஆடினால் என் வீட்டுக்காரர் காயைப் பார்க்க மாட்டார், என் விரலைத்தான் பார்ப்பார். முப்பத்தெட்டில் இருந்தேன். மூன்றும் நான்கும் விழுந்தன. ஐம்பதில் பெரிய பாம்பு. யாரும் பார்க்கவில்லை என்று என் காயை நைசாக ஐம்பத்தொன்றில் வைத்தேன்.

"மூணு நாலு பன்னெண்டுதான் டீச்சர். நீங்க அம்பதுல வரணும். கீழ எறங்குங்க."

பேசியது செவந்தி. இந்த வருடம் என் வகுப்பில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல்முறை. நான் ஆறாம் கட்டத்துக்கு இறங்கினேன். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் லீவு போடவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னைக் காவல் காத்தாள்.

போன மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, வருகைப் பதிவேட்டில் செவந்தியின் பெயரைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை எப்படி மாறியது என்று கேட்டார். வேண்டுமென்றே தப்பாக நகர்த்திப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வைப்பது என் உத்தி என்று, கொஞ்சமும் கூசாமல் அளந்தேன்.

செவந்தி எழுந்து நின்றாள்.

"இல்லைங்க சார். டீச்சர் நெசமாவே ஏமாத்துனாங்க."

ஸ்கேல் மேஜைமேல்தான் இருந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வயிறும் லேசாக வலித்தது.