பாலைவனம் போய்வந்த முருகையன்

முருகையன் மேல் எனக்கு இருந்தது பொறாமை. ஐம்பதைத் தாண்டியபிறகு அதற்கு வேறு பேர் வைத்து மறைக்க எனக்குத் தெம்பில்லை. எட்டு வருஷம் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவனோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றான்.

அவனுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடுகிற குடும்பம். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, பழைய மெட்டடார் வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு 1989இல் செங்கம் ரோட்டில் எங்கள் வேன் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தான். வெளிமாநிலம் போகிற பர்மிட் ஸ்டாண்டில் இரண்டே வண்டிகளுக்கு இருந்தது. ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது. ஆனால் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டேன். அவனுக்குத் தெரிந்தது லெப்ட், ரைட், டீ.

தொண்ணூற்று நாலு ஜனவரியில், பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்த பெல்ஜியத்துக்காரரும் அவர் மனைவியும் என்னைத் தேடி வந்தார்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பாலைவனம், மூன்று வாரம், கேம்பிங், வண்டியோடு வருகிறாயா என்றார்கள்.

எங்கள் ஊரில் கேம்ப் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு, வயசானவர்களுக்குக் கண் ஆபரேஷன் செய்து, பச்சைத் துணி கட்டி அனுப்புவது. அந்த அம்மாள் வேறு நர்ஸ். அதற்கு முந்தின வருஷம்தான் அப்படி ஒரு கேம்புக்கு வண்டி விட்டு, நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கி, சீட்டெல்லாம் மருந்து நாற்றம். பாலைவனத்தில் மணல் காற்று அடிக்கும், கண் கெட்டவர்களும் நிறைய இருப்பார்கள் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். இங்கிலீஷ் தெரிந்தவன் அல்லவா, இன்னொரு முறை கேட்க வெட்கம். ‘கியர் பாக்ஸ் ரிப்பேர், முருகையனைக் கேளுங்கள்’ என்று தள்ளிவிட்டேன். அந்த இளிச்சவாயன் போய் அல்லாடட்டும் என்றுதான்.

இருபத்தைந்தாம் நாள் திரும்பி வந்தான். மீசையில் மணல், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கண் ஆபரேஷனும் இல்லை, கழுதையும் இல்லை. இல்லை, கழுதை இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை உப்பு பூத்த நிலத்தில் காட்டுக் கழுதைகள் இவன் வண்டியோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடினவாம். ஜெய்சல்மேர் பக்கத்துத் தேசியப் பூங்காவில், ஆள் இடுப்புயரம் இருக்கிற கானமயில் என்கிற பறவை இவன் எதிரே நடந்து போனதாம். கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறார்கள். இவன் புளி கரைத்து ரசம் வைக்க, அந்த வெள்ளைக்காரர் டம்ளரில் வாங்கிக் குடித்திருக்கிறார்.

“நம்ம ஊர்ல எங்க நின்னாலும் மலை தெரியுதுண்ணா. அங்க எந்தப் பக்கம் பாத்தாலும் மணல்தான். சுள்ளி பொறுக்கப் போனா திரும்பி வர வழி தெரியல. அதான் வண்டியவே மலைன்னு வெச்சிக்கினேன். கிரிவலம் போற மாதிரி, வண்டி வலது கைப் பக்கம் இருக்கறாப்பலயே சுத்திச் சுத்திப் பொறுக்கினேன். வண்டியக் கும்புடறேன்னு அந்தம்மா போட்டோ புடிச்சிட்டாங்க,” என்றான்.

ஸ்டாண்டே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்குப் பாலைவனம் முருகையன் என்று பேர். அதுகூடப் பரவாயில்லை. கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், “எல்லாம் சகாதேவண்ணன் அனுப்பிச்சி வெச்சதுதான்” என்று என்னைக் காட்டுவான். அப்போது என் காதில் புகை வரும். வீட்டில் என் மனைவி ராணியம்மாள், “அவரு போன ஊருக்கெல்லாம் நீங்க ஏன் போவல?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். இரண்டு நாள் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதற்கு மேலும் ஒரு தண்டனை இருந்தது. வருஷா வருஷம் ஜனவரியில் பெல்ஜியத்திலிருந்து அவனுக்குக் கடிதம் வரும். படித்துச் சொல்ல வேண்டியவன் நான். ‘உன்னைப் போல் ஒரு டிரைவரை நாங்கள் எங்கேயும் பார்த்ததில்லை’ என்று எழுதியிருந்தால், “நல்லா வண்டி ஓட்டினியாம்” என்று சொல்லி மடித்துக் கொடுப்பேன். அவன் அதற்கே பூரித்துப் போவான்.

2002இல் வந்த கடிதத்தை டீக்கடையில் வைத்துப் பிரித்தேன். ‘நவம்பரில் வருகிறோம். மறுபடியும் பாலைவனம், இந்த முறை ஒரு மாதம். உன் வண்டி கிடைக்குமா?’

பதில் எழுதப் போகிறவனும் நான்தான். முருகையன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, சகாதேவன் வருவான் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

“இன்னாண்ணா எழுதியிருக்காங்க?”

“வழக்கமா எழுதறதுதான். நல்லா இருக்கியான்னு.”

தலையாட்டிக்கொண்டு டீயைக் குடித்தான். பிறகு, “ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?” என்றான். “அன்னிக்கு உங்க கியர் பாக்ஸ்ல ஒண்ணும் ரிப்பேர் இல்ல. மறுநாளே உங்க வண்டி செங்கம் போனத நான் பாத்தேன். இவன் சுத்திப் பாக்கன்னு எங்கயும் போனதில்ல, போய்ட்டு வரட்டும்னுதான பொய் சொன்னீங்க? எம் பொண்டாட்டிகிட்ட இன்னிக்கும் சொல்லிக்கினு இருப்பேன்.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடிதத்தை எடுத்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். கேம்ப் என்றால் கண் ஆபரேஷன் என்று நினைத்ததையும், இளிச்சவாயன் என்று நினைத்ததையும் சொன்னேன். பழைய கடிதங்களில் நான் விழுங்கிய வரிகளையும் நினைவிருந்தவரை ஒப்பித்தேன்.

முருகையன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். “கண்ணு ஆபரேஷனா” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அதில் முதல் பாதிதான் சிரிப்பு என்பது எனக்குத் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தான்.

“எழுதுங்கண்ணா. முருகையன் வண்டி கியர் பாக்ஸ் ரிப்பேர். சகாதேவன் வருவாருன்னு எழுதுங்க.”

எழுதினேன். எட்டு வருஷம் நான் ஆசைப்பட்ட பாலைவனம் ஒரு வரியில் என் கைக்கு வந்துவிட்டது. வயிறு எரிவதுதான் நிற்கவில்லை. அந்தப் பொய்யை நான் எந்த நல்ல மனசோடு சொன்னதாக இத்தனை நாள் அவன் நினைத்துக்கொண்டிருந்தானோ, அதே மனசோடு அவன் எனக்காகச் சொல்லிவிட்டான்.