இல்ப்போவின் நூற்றைந்து விசைகள்

விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் மூன்று தட்டு. மேசையில் விரித்த செய்தித்தாளின் மேல் ஒரு வாரம் முழுவதும் உதிர்கிறது. இல்ப்போ குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, விழுந்ததை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்கிறான்.

"இது செவ்வாக்கிழமை ரை ரொட்டி. இது வியாழக்கிழமை ஏலக்காய் பன்னு, மேல சர்க்கரையோட. இந்த முடி உன் நாயோடதுக்கா. என் தலையில உதிர ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்ததும் செய்தித்தாளை மடித்து அடுப்பில் போடுகிறான். அதற்கப்புறம்தான் வேலை ஆரம்பம்.

பதினேழு வருடமாக அதே விசைப்பலகை. கனமானது, சாம்பல் நிறம், அழுத்தினால் கோழி கொத்துவதுபோல் சத்தம். இரண்டு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி அவனே வளைத்துச் செய்த கொக்கியால் விசைகளைப் பிடுங்குகிறான். மொத்தம் நூற்றைந்து. சோப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அவை ஊறட்டும் என்று விட்டுவிட்டு, மொட்டையாகிப்போன பலகையின் சந்துகளைப் பழைய சித்திரத் தூரிகையால் பெருக்குகிறான். பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, ஒவ்வொரு பள்ளமாகத் துடைக்கிறான். யாரையும் தொட விடமாட்டான்.

அக்கா ஹில்க்காவையும் விடமாட்டான். அவளோ முப்பத்தொரு வருடம் பால் ஆலையில் குழாய் கழுவியவள். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. ஆனால் கழற்றுகிற எதையும் முதலில் தாளில் வரைந்துகொள்ளாமல் கழற்றியதில்லை. தம்பிக்காகவும் கட்டம் போட்ட தாளில் எந்த விசை எங்கே என்று அளவெடுத்து வரைந்து கொடுத்தாள்.

"தாள் வேணாம்க்கா. விரலுக்குத் தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டு நூற்றைந்தையும் மாட்டினான். ஹில்க்கா படத்தை வைத்துச் சரிபார்த்தாள். ஒன்றுகூட மாறவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அவன் எழுந்துபோனதும் அவள் சமையலறை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறாள். தப்புக் கண்டுபிடிக்க அல்ல. தப்பே இல்லை என்று கடை வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர்களிடம் உறுதியாகச் சொல்ல வேண்டுமே!

கியுருவேசி ஊரில் இல்ப்போவின் தொழிலைச் செய்பவர் வேறு யாருமில்லை. காது கேளாமல் போனவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி இருப்பவர்கள் பேசுவதை அப்படியே தட்டெழுதித் திரையில் காட்டுகிறான். மருத்துவர் அறை, ஊராட்சிக் கூட்டம், சாவு வீடு, எங்கே கூப்பிட்டாலும் பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறான். அவனுக்கு ஒரே ஒரு சட்டம். கேட்டதெல்லாம் திரையில் வர வேண்டும். இருமல், கதவு சாத்துவது, நாற்காலி கிரீச்சிடுவது, எல்லாம் அடைப்புக்குறிக்குள் வந்துவிடும். ஒருமுறை ஊராட்சிக் கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தக் கிழவனுக்கு என்ன சொன்னாலும் புரியப்போறதில்ல" என்று கிசுகிசுத்தார். அடுத்த நொடி அது பெரிய எழுத்தில் அந்தக் கிழவனார் கண்முன்னால் இருந்தது. அவர் எழுந்து நின்று கொடுத்த பதிலும் ஒரு சொல் விடாமல் வந்தது.

வீட்டிலும் விரல்கள் சும்மா இருப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் யார் பேசினாலும் அவன் தொடைமேல் விரல் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா புருஷன் ஒஸ்மோவுக்கு அது பொறுக்காது. "டேய், நான் திட்டினத அடிச்சியா?" என்பான். "அடிச்சாச்சு அத்தான். ரெண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கேன்" என்பான் இல்ப்போ, உருளைக்கிழங்கை மென்றுகொண்டே.

அக்கா வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே சவுனா, அதாவது நீராவிக் குளியலறை. சனிக்கிழமை நாலு மணிக்கு ஒஸ்மோ அதில் கணப்பு மூட்டுவான். எல்லாரும் வியர்த்து முடித்து, கணப்பு அணைந்து, சூடு தணிந்தபின், இல்ப்போ கழுவிய விசைகளை லினன் துண்டில் பரப்பி அங்கே பலகைமேல் வைப்பான். ஞாயிறு காலைக்குள் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்துவிடும். வீட்டிலேயே நாய் முடி இல்லாத இடம் அது ஒன்றுதான்.

போன ஜூன் மாதம் அதே ஊர்க்காரர் தாவெத்தியின் மகள் வென்லா வந்தாள். அவளுக்குக் கல்யாணம், சனிக்கிழமை. தாவெத்திக்கு நாலு வருடமாகக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. மரப்பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

"என் கல்யாணத்துக்கும் வரமாட்டேன்னுட்டார்," என்றாள் வென்லா. "நீங்க பக்கத்துல இருப்பீங்கன்னு சொன்னப்புறம்தான் கோட்ட எடுத்துத் தேச்சார். நீங்க வந்துருவீங்கல்ல?"

"வராம? பாதிரியார் கொட்டாவி விட்டாக்கூட உங்க அப்பாவுக்குத் தெரியும்."

சனிக்கிழமை கல்யாணம் என்பதால் சுத்தம் செய்வதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டான். மத்தியானம் கழுவி, ஆறிக்கிடந்த சவுனாவில் மேல்பலகையில் துண்டு விரித்து நூற்றைந்தையும் பரப்பிவிட்டு, சட்டை தேய்க்கப் போனான். சனிக்கிழமை கல்யாணம் என்பதால் ஒஸ்மோவும் சவுனாவை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டான். உள்ளே எட்டிப் பார்க்காமல் கணப்பில் பிர்ச் மரக் கட்டைகளை அடுக்கி, தீ வைத்து, தண்ணீர் எடுக்க ஏரிக்குப் போனான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஊரில் ஆண்பிள்ளைகள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் புகைபோக்கியில் புகையைப் பார்த்து, இல்ப்போ தேய்ப்புப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். சுவரிலிருந்த வெப்பமானி தொண்ணூற்றெட்டு டிகிரி செல்சியஸ் காட்டியது.

சிறிய விசைகள் தப்பித்துவிட்டன. அடியில் இருக்கும் நீள விசை, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுகிற ஸ்பேஸ் பார், பனிச்சறுக்குக் கட்டையின் முனைபோல் மேல்நோக்கி வளைந்திருந்தது. மாட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் அமுங்கியது, மறுபக்கம் தூக்கிக்கொண்டது. பத்துத் தடவை தட்டினால் நாலு தடவைதான் இடம் விட்டது.

ஒஸ்மோ வாளியோடு வாசலில் நின்றான். "வேற ஒண்ணு வாங்கிக்கலாமேடா."

"இந்த மாடல் இப்ப வர்றதில்ல அத்தான்."

"மடிக்கணினியிலயே கீ இருக்குல்ல?"

"இருக்கு. அதுல அடிச்சா பாதி வேகம். பாதிரியார் ஆமென் சொல்றப்ப நான் மாப்பிள்ளை பேர அடிச்சுக்கிட்டிருப்பேன். அந்த மனுஷன் நாலு வருஷம் கழிச்சு வெளிய வர்றாரு."

அவன் தொடைமேல் விரல்கள் ஓடவில்லை. அதைப் பார்த்ததும், பின்னாலேயே வந்திருந்த ஹில்க்கா கையை நீட்டினாள்.

"குடு அத," என்றாள்.

இல்ப்போ தயங்கினான்.

"டேய், ஆலையில பால் தொட்டி மூடி இந்த மாதிரி எத்தன வளைஞ்சிருக்கும்னு நெனச்ச? யாரு நிமுத்தினா? மேனேஜரா?"

பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவன் ஒரு விசையை அடுத்தவர் கையில் கொடுத்தான்.

அவள் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். கொதிக்க விடவில்லை. குமிழி வருமுன் இறக்கி, மரக்கரண்டியால் விசையை அமுக்கிப் பிடித்து நூறு வரை எண்ணினாள். எடுத்து, ரொட்டி வெட்டும் இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே வார்ப்பிரும்பு வாணலியை ஏற்றினாள். வாணலிமேல் உட்கார்வதற்கு ஒஸ்மோ முன்வந்தான். "நீ செஞ்சது போதும்," என்றாள். ஆறியதும் எடுத்து ஜன்னல் கண்ணாடியில் படுக்கவைத்து, காபி வடிகட்டும் தாளை அடியில் செருகிப் பார்த்தாள். நடுவில் தாள் நுழைந்தது. மறுபடி தண்ணீர், மறுபடி நூறு, மறுபடி வாணலி. இரண்டாவது முறையும் இடது ஓரத்தில் ஒரு மயிரளவு நுழைந்தது. மூன்றாவது முறை எந்தப் பக்கத்திலிருந்து செருகினாலும் தாள் நுழையாமல் மடங்கியது.

இல்ப்போ மாட்டினான். காதைப் பலகையோடு ஒட்டிவைத்துக் கட்டைவிரலால் தட்டினான். நூறு தடவை தட்டியிருப்பான்.

"எல்லா இடமும் விழுதுக்கா."

"விழாம?" என்று சொல்லிவிட்டு ஹில்க்கா பலகைகளைக் கழுவப் போனாள். அன்று சாயங்காலம் முழுக்க கொட்டகையிலிருந்து ரம்பம் இழுக்கும் சத்தம் கேட்டது. ஒஸ்மோ சாப்பிடக்கூட வரவில்லை.

மறுநாள் தேவாலயத்தில் முதல் வரிசையில் தாவெத்தி, பக்கத்தில் இல்ப்போ. ஹில்க்கா இரண்டு வரிசை பின்னால் தள்ளி, திரை தெரிகிற கோணம் பார்த்து உட்கார்ந்தாள். பாட்டு ஆரம்பித்தது. (ஆர்கன். கொஞ்சம் வேகம்.) பாதிரியார் பேசினார். (பின்னால் குழந்தை அழுகிறது. யாரோ வெளியே தூக்கிப் போகிறார்கள்.) சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவே சரியான இடம் விட்டு, வந்துகொண்டே இருந்தன. தாவெத்தியின் தலை வரிக்கு வரி இறங்கியது.

மாப்பிள்ளை "சம்மதம்" என்றான். அடுத்தது வென்லா. திரையில் முதலில் ஒரு அடைப்புக்குறி வந்தது. (குரல் தடுமாறுகிறது.) தாவெத்தி அதைப் படித்தார். திரையை விட்டுத் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த சொல்லைப் படிக்க அவர் குனியவில்லை. அவள் உதட்டிலேயே படித்துக்கொண்டார்.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் கூட்டம் கத்தியது. தாவெத்தி இல்ப்போவின் கையைப் பிடித்து இழுத்தார். "என்ன கத்துறாங்க? என்ன?" நின்றுகொண்டு எப்படி அடிப்பது என்று இல்ப்போ விழித்தான். ஒஸ்மோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் இழைத்த பிர்ச் பலகை, இரண்டு பக்கமும் துளை, தோல் வார். அதை மச்சான் கழுத்தில் மாட்டிவிட்டு, கணினியையும் விசைப்பலகையையும் அதன்மேல் தூக்கி வைத்தான். கழுத்தில் தட்டு மாட்டிப் பலகாரம் விற்பவன் போல நின்றுகொண்டு இல்ப்போ அடிக்க ஆரம்பித்தான். வாழ்க. வாழ்க. மாப்பிள்ளை, காலப் பாத்து! (சிரிப்பு.) (அரிசி.)

தலைக்கு மேலே அரிசி மழையாக வந்தது. தாவெத்தி திரையில் படித்தும் சிரித்தார், சட்டைக் காலருக்குள் விழுந்ததற்கும் சிரித்தார்.

காபிக்கு உட்கார்ந்தபோது பக்கத்து மேசையில் இருந்த ஒரு அம்மாள் ஹில்க்காவிடம், "அவரு உங்க தம்பியா?" என்று கேட்டாள். "ஆமா," என்றாள் ஹில்க்கா. இன்னும் நாலு வாக்கியம் வைத்திருந்தாள். அவற்றுக்குப் பதிலாகக் கேக்கை வெட்டி அந்த அம்மாள் தட்டில் வைத்தாள்.

எதிரே இல்ப்போ துடைப்புத்தாளை மேசையில் விரித்தான். விசைப்பலகையைக் கவிழ்த்தான். முதுகில் மூன்று தட்டு. ஒரே ஒரு அரிசி விழுந்து உருண்டு நின்றது.

"என்னடா, இந்த வாரம் என்ன?" என்றாள் ஹில்க்கா.

அவன் இரண்டு விரலால் அந்த அரிசியை எடுத்து, கோட்டின் உள்பையில் போட்டு, பொத்தானை மாட்டினான்.