லேபிள் கிழித்த டின்

போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்தடித்து வளர்ந்தவர்கள் நானும் என் தங்கையும். எஸ்டேட் நொடித்துப் படுத்ததும் மலையிறங்கி, திருவனந்தபுரத்தில் ஆர்க்கிட் செடிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நர்சரியில் சேர்ந்தோம். தொண்ணூறுகளின் கடைசி அது. செடியைச் சட்டியிலிருந்து பிடுங்கி, வேரில் ஒட்டிய தேங்காய் நாரைச் சுரண்டி, இலையிடுக்கில் இருக்கும் மாவுப்பூச்சியைப் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கொல்ல வேண்டும். நகத்தால் நசுக்கினால் மஞ்சளாகப் பிதுங்கும். அப்புறம் மருந்துத் தொட்டியில் முக்க வேண்டும். சோதிக்க வரும் ஆபீசர் உயிரோடு ஒரு பூச்சியைப் பார்த்தால் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும்.

முக்குவது தங்கையின் வேலை. கையுறை கிடையாது, போட்டால் வேர் முறியுமாம். எஸ்டேட்டில் நாங்கள் மருந்தை மூக்கால்தான் எடை போடுவோம். நாறினால் விஷம், நாறாவிட்டால் தண்ணீர். இந்த மருந்து நாறவே இல்லை. முழங்கை வரை விட்டு முக்கினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு மத்தியானம் வாயில் நுரை தள்ளி விழுந்தாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எந்த மருந்து என்று தெரியாமல் ஊசி போட முடியாது, டின்னைக் கொண்டுவா என்றார் டாக்டர்.

திரும்பி ஓடினேன். டின்னில் லேபிள் இல்லை. வாங்குகிற நாட்டில் தடை செய்த மருந்து, அதனால் சூப்பர்வைசர் கிழித்திருந்தான். பேரைக் கேட்டேன்.

"எடீ, பேரொண்ணும் எனக்கறியில்லா. அவ கஞ்சி குடிக்காம வந்திருக்கும். அதான் மயக்கம்."

"சாரே, அவ செத்துருவா. பேர மட்டும் சொல்லுங்க."

"நாளைக்கு ஆபீசர் வரும். நீ போயி பிரஷ் எடு."

தலைமுடியைப் பிடித்து அவன் முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினேன். கொழுந்து மூட்டை தூக்கிய கை. அவன் காலை உதறினான். தட்டுகள் சரிந்து செடிகள் மிதிபட்டன. வெளியே இழுத்து, "இப்ப உனக்கும் அதே ஊசிதாம்ல வேணும். பேரச் சொல்லு" என்றேன்.

துப்பிக்கொண்டே சொன்னான். பொய்யாக இருக்குமோ என்று இன்னொரு முறை அமுக்கி எடுத்தேன். அதே பேர்தான் வந்தது.

தங்கை பிழைத்தாள். அவனையும் அங்கேயே கொண்டுவந்து அடுத்த கட்டிலில் போட்டார்கள். தொட்டியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னான். என்னைக் காட்டிக்கொடுத்தால் டின்னும் போலீசுக்குப் போகுமே.

நாலு நாளில் அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். தங்கையின் கையில் இன்றும் டீ கிளாஸ் நிற்காது. மூன்றாவது முறையும் அமுக்கியிருக்கலாம்.