ஜெபக்கூடத்துப் போர் தண்ணீரும் என் மகளின் பற்களும்

எங்கள் ஜெபக்கூடத்துச் செயலாளர் ஒரு ரிப்போர்ட்டை மறைத்தார். அதனால் என் மகளின் பற்கள் கெட்டன. எங்கள் சபையில் எல்லார் வீட்டுக்கும் இந்தப் பத்திரிகை வருகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் போர் மோட்டார் மெக்கானிக். பொழிச்சலூரில் வீடு. பத்து வருடங்களுக்கு முன், ஒரு கோடையில் கிணறெல்லாம் வற்றியபோது கூடத்தில் போர் போட்டோம். சபையே முழங்காலில் நின்றது. தண்ணீர் வந்தது. மோட்டாரைக் காணிக்கையாக இறக்கியவன் நான். அடுத்த ஞாயிறே மைக் பிடித்து, “இது ஆண்டவர் கொடுத்த தண்ணீர், தைரியமாகக் குடியுங்கள்” என்று சாட்சி சொன்னவனும் நான்தான். அன்றிலிருந்து ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு நாலு கேன் பிடித்துப் போவோம். வாரம் முழுக்கக் குடிக்க, சமைக்க அதுதான். கடையில் தண்ணீர் வாங்குவதை விசுவாசக் குறைவு என்றே நினைத்தோம்.

என் மூத்தவள் ஜெனிதா அப்போது கைக்குழந்தை. ஏழு வயதில் பால் பல் விழுந்து முன்பல் முளைத்தது. சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டு, நடுவில் பழுப்புக் கோடு. அவள் பல் தேய்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். பக்கத்தில் நின்று ஈறில் ரத்தம் வரும்வரை தேய்க்க வைத்தேன்.

“டெய்லி ரெண்டு வாட்டி தேய்க்கிறேம்ப்பா, சத்தியமா” என்று அழுதாள்.

“பொய் சொல்ற வாய் இப்பிடித்தான் இருக்கும்” என்றேன். அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பேன்?

பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘குட்கா’. “ஏய் குட்கா, கிளாஸ்ல துப்பிடாத” என்பார்களாம். சிரிப்பதையே நிறுத்திவிட்டாள். பிறந்தநாள் போட்டோவிலும் கையால் வாயை மூடியிருக்கிறாள்.

போன வருடம் நாற்பது நாள் உபவாசம் எடுத்தேன். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர்மேல் கைவைத்து ஜெபித்து அவளைக் குடிக்க வைத்தேன். அதே போர் தண்ணீர். கெடுத்ததையே மருந்தாகக் கொடுத்தேன். அக்காவைப் பார்த்து, அப்போது மூன்று வயதான இளையவளும் கேட்டாள். அவளுக்கும் கொடுத்தேன்.

உபவாசம் முடிந்த நாளில் தாம்பரத்தில் பல் மருத்துவ முகாம். ஜெபித்துவிட்டு டாக்டரிடம் போவதா என்று முறைத்தேன். என் மனைவி, “நீ வராங்காட்டி போ, நான் கூட்டிகினு போறேன்” என்று கிளம்பினாள். பின்னாலேயே போனேன்.

சின்ன வயது டாக்டரம்மா. ஜெனிதாவின் வாயைப் பார்த்துவிட்டு, “எந்தத் தண்ணி சார் குடிக்கிறீங்க?” என்றார்.

அந்தக் கேள்விதான் என் ஜெபத்துக்கு வந்த பதில்.

தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமானால், ஈறுக்குள் உருவாகும்போதே பல் கெட்டுவிடுமாம். முளைத்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாதாம். “பாப்பா பொய் சொல்லல சார்” என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்று முறை வரச் சொன்னார்கள். மருந்து தடவிப் பல்லின் மேல்படலத்தை மெல்லத் தேய்த்து எடுத்தார்கள். போகாத பழுப்பின்மேல் பல் நிறத்தில் பூச்சு வைத்தார்கள். கடைசி நாள் கண்ணாடி கொடுத்தார்கள். ஜெனிதா அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இப்பவாவது நம்புறியாப்பா?” என்றாள்.

தண்ணீரை மாற்றிவிட்டோம். இளையவளுக்கு முன்பல் எப்படி முளைக்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம். பின்னால் வருபவையாவது தப்பலாமாம். அதற்காக இன்னும் முழங்காலில் நிற்கிறேன்.

போர் தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுத்தேன். ஃப்ளோரைடு அதிகம். அந்த டெஸ்ட் ரிசல்ட்டோடு செயலாளர் அண்ணனிடம் போனேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“போர் போட்டப்பவே ரிப்போர்ட் வந்துச்சு தம்பி. குடிக்க ஆகாதுன்னுதான் போட்டிருந்தான். அதுக்குள்ள நீ மைக்ல சாட்சி சொல்லிட்ட. அப்புறம் எப்பிடி மாத்திச் சொல்றது?”

போன ஞாயிறு மைக் கேட்டேன். தரவில்லை. அதனால் என் பழைய சாட்சியை இங்கே திரும்பப் பெறுகிறேன். தண்ணீர் தந்தது ஆண்டவர். குடிக்கலாம் என்று சொன்னது நான்.

அவரை நம்பி ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். பதிலை டாக்டர் வாயால் அனுப்பினாலும் காதுகொடுத்துக் கேளுங்கள்.

இன்றும் ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் கேனோடு வரிசையில் நிற்கிறார்கள். செயலாளர் அண்ணா, வருகிற ஞாயிறு அந்த ரிப்போர்ட்டை மைக்கில் படியுங்கள். ஏன் மறைத்தீர்கள் என்று அந்தப் பிள்ளைகள் முன்னால் சொல்லுங்கள்.