பிசகாத விரல்

பிலோமிக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகள் மீது எனக்கு இன்னும் கோபம்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் மகளுக்கு அது எதற்கு? எங்கள் எஸ்டேட்டில் பியானோ இருந்தது துரை பங்களாவில் மட்டும். துரை புல்லாங்குழல் ஊதுவார். கூடவே வாசிக்க ஆள் வேண்டும் என்று பிலோமியைப் பங்களா வேலைக்கு எடுத்துக்கொண்டார். நான் அங்கே சமையல்காரி.

எழுபத்தெட்டில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் குழலுக்கும் பியானோவுக்கும் எழுதிய சோனாட்டா சீமையிலிருந்து வந்து சேர்ந்தது. சாயங்காலமானால் அதே பாட்டு. குழல் துள்ளிக்கொண்டு கிளம்பும், நடுவில் அழும், பியானோ அதன் பின்னாலேயே போகும். எனக்குக் காது புளித்துப்போனது.

அந்த வருஷம்தான் ரிங்லெட் ஊர் லாரி டிரைவர் அம்புரோஸ் அவளைப் பெண் கேட்டான். கல்யாணமானால் ஈப்போவில் குடித்தனம். பிலோமிக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வேலைக்கு ஆள் இல்லாத குடும்பம் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அவள் அப்பா சூசைமுத்து இளைப்பு வந்து வேலையை விட்டவர். "செத்தாலும் இந்த வீட்லதான்" என்று பிடிவாதமாக இருந்தார். துரையாகப் பார்த்து விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

கேட்டாள். துரை சிரித்தார்.

"கிறிஸ்மஸ் விருந்துல நீ சொதப்பினா, ஸ்கூல் டீச்சரம்மாவ வாசிக்கக் கூப்பிட்டுக்கிறேன். நீ போலாம், வீடு அப்பாவுக்கு. நல்லா வாசிச்சா விடமாட்டேன்."

அம்புரோஸுக்கு ஒரே குஷி. "தப்புத் தப்பா வாசி லா! பத்து வெரல் இருக்கு, எதையாச்சும் மாத்தி வையி."

சரி என்றாள். என் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்.

விருந்தன்று தட்டோடு கதவோரம் நின்றேன். முதல் பாகத்திலேயே தடுமாறுவாள் என்று பார்த்தேன். இல்லை. நடுப்பாகத்தில் குழல் அழ ஆரம்பித்தது. பிலோமி கையைத் தூக்கியவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வைக்க வேண்டிய இடத்திலேயே வைத்தாள். கடைசிவரை ஒரு பிசகு இல்லை. பாழாய்ப்போனவள்! நானும் அங்கேயே நின்று அழுதேன் என்பது வேறு விஷயம்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "அடுத்த கிறிஸ்மஸுக்கும் இதுதான்" என்றார் துரை. சொன்னபடியே அவளை விடவில்லை. அம்புரோஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாப்பாவில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். எண்பத்துமூன்றில் அவள் அப்பா அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். மறுவருஷம் துரை சீமைக்குப் போனார். பியானோவும் போனது. பிலோமி கொழுந்துக் கூடையைத் தூக்கினாள், நானும்தான்.

ஒருநாள் மலையில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஒரே ஒரு தப்பு வாசிச்சிருந்தா போதுமேடி?"

அவள் கொழுந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குப் போவணும்தான் பவளக்கா. அதுக்கு அந்தப் பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"