பக்கத்துக் கட்டில்

எனக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் நடந்ததாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். உண்மையில் கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தது பெருங்குடலின் கடைசிப் பகுதியை. கர்ப்பப்பை என்றால் பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். மலம் போகிற இடத்தில் புற்றுநோய் என்றால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வார்களோ தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் துணிவும் எனக்கில்லை.

பொய்யை முதலில் சொன்னது என் கணவர். மகளுக்கு நோர்வூட்டில் ஓர் இடம் பேசி நிச்சயத்துக்கு நாளும் குறித்திருந்தது. "கலியாணம் முடியட்டும். அதுக்குப் பொறகு யாருக்குத் தெரிஞ்சா என்னா?" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

சில மாதங்கள் மலம் சேர்கிற பையை வயிற்றில் கட்டியிருந்தேன். சேலைக்குள் அது சத்தம் போடும்போதெல்லாம் இருமுவேன். பிறகு மருந்தேற்றி முடித்து, பையையும் எடுத்துவிட்டுக் குடலை மறுபடி இணைத்தார்கள். இனி மற்றவர்களைப் போல இருக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் உண்மையான பாடு தொடங்கியது. வயிறு சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிடும். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் கூப்பிடும். நாங்கள் இருப்பது தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். நாலு வீட்டுக்குப் பின்புறம் ஒரே வரிசையில்தான் கக்கூஸ். வாளியோடு நான் ஓடுவதைத் துணி துவைக்கிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் கூட்டல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். திரும்பி வந்தபோது என் வகுப்பு அமைதியாக இருந்தது. எப்போதும் சத்தம் போடுகிற பிள்ளைகள் அவர்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

கிளினிக்கில் இருந்த தாதி ஒருவர்தான் ஹட்டனில் அக்குபங்சர் செய்கிற டொக்டரைப் பற்றிச் சொன்னார். ஆபரேஷன் செய்த டொக்டரிடம் கேட்டேன். இரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார். புற்றுநோயை அது ஒன்றும் செய்யாது, வயிற்றின் சிரமம் கொஞ்சம் குறையலாம், ஆனால் செக்கப்புக்கு வராமல் இருந்துவிடக் கூடாது என்று சொல்லியனுப்பினார்.

வட்டகொடையிலிருந்து ரயிலில்தான் போவேன். பஸ் இன்னும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ரயிலில் கக்கூஸ் இருக்கிறது.

அக்குபங்சர் டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழ் பழகிக்கொண்டிருந்தார். ஒரு நீளமான அறை, வரிசையாகக் கட்டில்கள், நடுவில் பச்சைத் துணித் திரைகள். முழங்காலுக்குக் கீழேயும், மணிக்கட்டிலும், வயிற்றில் தழும்பைத் தள்ளியும் மயிர் போன்ற ஊசிகளைக் குத்துவார். குத்தும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஒரு கனம் இறங்கும். பிறகு அசையாமல் கிடக்க வேண்டும். முதல் நாள் வயிற்றைத் திறந்து காட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். நாலைந்து முறை போனபிறகு ஓட்டம் கொஞ்சம் அடங்கியது போல இருந்தது. ஊசியாலா, நாளானதாலா, பருப்பையும் பலாக்காயையும் நிறுத்தியதாலா என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கட்டிலில் கிடக்கும்போது தூக்கம் வந்தது. அது மட்டும் நிச்சயம்.

அப்படிக் கண்ணயர்ந்திருந்த ஒரு நாள், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"முட்டி ரெண்டும் போச்சு தாயி. கடையில நின்னு நின்னே போச்சு."

தூக்கம் பறந்தது. மாப்பிள்ளையின் அம்மா. நோர்வூட்டில் சில்லறைக் கடை வைத்திருக்கிறவர். நிச்சயத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, "கர்ப்பப்பைய எடுத்துட்டா ஒடம்பு லேசாயிரும் டீச்சர்" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர். டொக்டர் அவருக்கு முட்டியில் ஊசி போட்டுவிட்டு வெளியே போனார். உதவிக்கு நிற்கிற பெண்ணும் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். எங்களுக்கு நடுவில் ஒரு துணி.

மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். வயிறுதான் கேட்கவில்லை. முதலில் உறுமியது. பிறகு காற்று, அடக்க அடக்கச் சத்தமாக. எழுந்து ஓட முடியாது. காலிலும் வயிற்றிலும் ஊசிகள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சேலையோடு போய்விட்டது. நாற்றம் அறை முழுவதும் பரவியது.

"யாருங்க அது? ஒடம்புக்கு முடியலையா?" என்று திரைக்கு அப்பால் இருந்து கேட்டார்.

"என்னாங்க, பேச்சு மூச்சக் காணோம்? மயக்கமா?" என்று மறுபடியும் கேட்டார். பதில் சொல்லாவிட்டால் திரையை விலக்கிப் பார்த்துவிடுவார் என்று பயம் வந்தது. அந்தப் பயத்தில் என் வாயிலிருந்து சிங்களம் வந்தது. குரலையும் மாற்றிக்கொண்டேன்.

"மட்ட சனீப்ப நே," என்றேன். எனக்குச் சுகமில்லை என்று.

அவர் பதறிப்போனார். "பய வென்ன எப்பா, நோனா," பயப்படாதீங்க என்று தனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரும் எழுந்திருக்க முடியாமல்தான் கிடந்தார். கிடந்தபடியே, "டொக்டர் நோனா, மெஹெ என்ட!" இங்கே வாங்க என்று கத்திக் கூப்பிட்டார். ஒரு மூக்குச் சுளிப்பு இல்லை அவர் குரலில். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் நான் யாரென்று சொல்லவில்லை.

டொக்டர் ஓடி வந்தார். வந்தவர், பழகிக்கொண்டிருந்த தமிழில், "டீச்சர், பரவாயில்ல, அழ வேணாம். நான் ஊசி எடுக்கிறது. குடல் ஆபரேஷனுக்குப் பிறகு இப்பிடி வரும்தானே," என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது.

உதவிக்கு நின்ற பெண் துடைத்துவிட்டாள். அவள் கொடுத்த பழைய சீத்தைத் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுடைய கட்டிலைத் தாண்டித்தான் வாசல். திரை பாதி விலகியிருந்தது. முட்டியில் ஊசிகள் நிற்கும் இரண்டு கால்களைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் கலியாணம் நின்றது என்றுதான் கேட்கப்போகிறேன் என்று நினைத்தேன். நோயை மறைத்ததுகூட எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஒரு மனுஷி பக்கத்தில் கிடந்து பதறும்போது வேறொருத்தியாக நடித்தேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவே வந்தார். தனியாக, மழையில், முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் படியேறி வந்தார். கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"நீங்கதானே டீச்சர் அது?"

"ஆமாங்க."

"நா அரைகொறை சிங்களத்துல தொண்ட கிழியக் கத்திக்கிட்டுக் கெடக்கேன். நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டுக் கெடந்தீங்க. நானு ஒங்களுக்கு அவ்வளவு அந்நியமா போயிட்டேனா?"

நான் தரையைப் பார்த்தேன். "வெக்கமா இருந்துச்சுங்க," என்றேன்.

"புத்துநோயா?"

"ஆமாங்க. எடுத்துட்டாங்க. செக்கப்புக்குப் போயிக்கிட்டு இருக்கேன்."

அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புள்ளைக்கும் வருமா?" என்றார். கேட்டதற்கு அவரே கூசினார். கேட்கவேண்டிய கேள்விதான். வரும் என்று சொல்ல முடியாது, மற்றவர்களை விடச் சீக்கிரமாகச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டி டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அடுப்படியில் நின்ற மகள் அப்போது வெளியே வந்தாள். "அவருக்கு எல்லாம் தெரியுமுங்க. நிச்சயத்துக்கு முந்தியே நா சொல்லிட்டேன். ஒங்களுக்குச் சொல்ல வேணாம்னு அவருதான் சொன்னாரு."

மாப்பிள்ளையின் அம்மாவின் முகம் மாறியது. என்மேல் கோபத்தோடு வந்தவர், தன் மகனும் தனக்கு மறைத்திருக்கிறான் என்று என் வீட்டில் வைத்துத் தெரிந்துகொண்டார். சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினார். "எங்கிட்ட சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலயா?" என்றார். அது கோபம் இல்லை. ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்து அவராகவே குடித்தார். போகும்போது, "மகன்கிட்ட நா பேசிக்கிறேன்," என்று மட்டும் சொன்னார்.

கலியாணம் நிற்கவில்லை. தை மாதம் கோயிலில் நடந்தது. அதுவரை வாரம் தவறாமல் ஹட்டனுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். வயிறு ஓரளவு சொன்னபடி கேட்கத் தொடங்கியிருந்தது. கலியாணத்துக்கு முதல் நாள் இரவு கஞ்சி மட்டும் குடித்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் மேளம் உச்சத்துக்குப் போய், ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிற அந்த நேரத்தில் வயிறு கூப்பிட்டது. பொறுக்க முடியவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக் கோயிலின் பின்பக்கக் கக்கூஸுக்கு ஓடினேன். என் பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கவில்லை. தகரக் கதவுக்குள் இருந்து கெட்டிமேளத்தை மட்டும் கேட்டேன்.

மேளம் ஓய்ந்ததும், வெளியே யாரோ ஒரு பெண், "பொண்ணோட அம்மா எங்க போனாங்க, இந்த நேரத்துல?" என்று கேட்பதும் கேட்டது.

"அவுங்களுக்குக் கொடல்ல ஆபரேஷன் செஞ்சிருக்கு. கேன்சர். வயிறு நிக்காது. அதான் போயிருக்காங்க," என்று சம்மந்தியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "வர்ற வரைக்கும் பொறுங்க. ஆசீர்வாதம் அவுங்கதான் மொதல்ல பண்ணணும்."

உள்ளே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு வருடமாக நான் ஒளித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கோயில் முழுவதற்கும் சொல்லிவிட்டார். வெளியே போகாமல் இங்கேயே இருந்துவிடலாமா என்று தோன்றியது. கதவைத் திறந்தபோது வாசலில் அவர் நின்றிருந்தார், கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு. நான் கையை நீட்டினேன். அவர் ஊற்றினார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஈரக் கையோடு உள்ளே போய், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தட்டிலிருந்து அட்சதையை அள்ளினேன்.